மூன்று நாள் வெயிலில் காய்ந்த மண்

கிருமியைச் சோறு போட்டு வளர்த்துவிட்டு, பிறகு அதைக் கொல்ல ஆள் தேடி அலைவதுதான் எங்கள் தொழில்.

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்து கிடக்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு கிருமி உள்ளே புகுந்துவிடும். இருக்கிற ஆன்டிபயாடிக் எதற்கும் அது மசியாவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். அதை அடக்கும் பொருளைச் சுரக்கிற வேறொரு கிருமி ஏற்காட்டு மண்ணில் எங்காவது இருக்குமா என்று சில வருஷமாகத் தேடுகிறேன். கல்யாண வீட்டில் "நீ என்னம்மா வேலை பாக்கற?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பாயசத்தைக் குடித்துச் சமாளிக்கும் சகபாவிகளே, இது உங்களுக்கு.

கையுறையும் ஸ்பூனும்

கரடியூர் வியூ பாயிண்டுக்குப் போகிற வழியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையுறை மாட்டி, ஸ்பூனால் மண் எடுத்து, கவரில் போட்டு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிர்க் கடையில் டீக்காரர் பால் பொங்குவதைக்கூட மறந்து என்னையே பார்த்தார். கிருமி, மருந்து என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு டீயை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் செரிங்க மேடம். செத்தது யாருங்க?"

ரைட்டரின் பிஸ்கட் டப்பா

வாழவந்தியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், தங்கமான மனுஷர். மண் எடுக்க அனுமதி வாங்கித் தந்தவரும், துணைக்கு ஸ்டெல்லாவை அனுப்பியவரும் அவர்தான். ஸ்டெல்லா அங்கே, வாங்குகிற கம்பெனிகளுக்கு அனுப்பக் காப்பிக்கொட்டை சாம்பிள் தயார் செய்கிறவள். அவள் கணவர் அருளப்பன் ரத்தப் புற்றுநோய்க்காகக் கீழே சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ரைட்டரின் மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே ஆளாளுக்குச் சாப்பிட்டு மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள். காய்ச்சல் என்று யார் வந்தாலும் இரண்டிரண்டாகத் தர்மம். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இப்படி அரைகுறையாகக் கொடுத்தால் கிருமிக்கு மருந்து பழகிப்போகும், அப்புறம் அருளப்பன் மாதிரி ஆளுக்கு எதுவுமே கேட்காது என்று பொரிந்து தள்ளினேன். ரைட்டர் முகம் வாடிப்போனது. டப்பாவை மூடி என்னிடமே நீட்டினார்.

"இத இனி எங்கீங்க கொட்டறது? குழி தோண்டிப் பொதச்சா, மண்ணுக்குள்ள இருக்கற கிருமிக்கும் பழகிப் போயிராதுங்களா?"

கல் பொறுக்கிய சாம்பிள்

ஒருநாள் எனக்கே உடம்பு சரியில்லை. ஸ்டெல்லாவிடம் கவர்களைக் கொடுத்து, அவளுடைய ஊரான செம்மநத்தத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் சாம்பிள் எடுத்து வரச் சொன்னேன். ஈரம் காயாமல் உடனே கொண்டுவர வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். சாம்பிள் தயார் செய்ய அவளுக்கா தெரியாது? காப்பிக் களத்தில் மண்ணைக் கொட்டி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, சலித்து, மாவு மாதிரி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கல்லோட குடுத்தா திருப்பி அனுப்பிருவாங்க மேடம். நொம்ப சுத்தமா இருக்குதுங்க, தொட்டுப் பாருங்க."

தட்டில் ஒரு வட்டம்

கெட்டுப்போனதுதானே, சோதித்துத்தான் பார்ப்போமே என்று அந்த மண்ணையும் ஆய்வகத்தில் வளர்த்தேன். சாதாரணக் கிருமிகளை வெயில் தீர்த்துக்கட்டியிருந்தது. வறட்சியைத் தாங்கித் தூங்கிக் கிடக்கும் வகை மட்டும் மிஞ்சியிருந்தது. ஈர மண்ணில் மற்றவற்றின் நெரிசலில் இவை கண்ணிலேயே படுவதில்லை. மண்ணைக் காயவைக்கும் இந்த வழியைப் பாடத்தில் படித்தவள்தான் நான், அவசரத்தில் மறந்திருந்தேன். அவற்றில் ஒன்றை, எதற்கும் மசியாத கிருமியைப் பரப்பிய தட்டில் வைத்தேன். மறுநாள் அதைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு கிருமிகூட வளரவில்லை.

அந்த வாரம்தான் அருளப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு மருந்து கேட்கவில்லை. கடைசியாக இருந்த மூன்றாவதை ஏற்றியிருந்தார்கள். மாற்றுத்துணி எடுக்க மலைக்கு வந்த ஸ்டெல்லாவிடம், உன் மண்தான் என்று போனில் அந்த வட்டத்தின் படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "இதுல கொஞ்சம் என்ற ஊட்டுக்காரருக்குக் குடுங்க மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டில் கிருமியைக் கொல்வது மனுஷரையும் கொல்லலாம், அதைச் சோதித்து முடிக்க வருஷக்கணக்காகும், முடிவில் ஒன்றுமில்லாமலும் போகலாம் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் என் கையை விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏனுங் மேடம் இங்க நின்னுட்டு இருக்கறீங்க? போயி வேலையப் பாருங்க."

அருளப்பனுக்கு அந்தக் கடைசி மருந்து கேட்டது, அவர் வீடு திரும்பிவிட்டார். அந்த மருந்தும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊர் மண்ணில் கிடைத்ததுதான். அதைக் கண்டுபிடித்த ஆளையும் எவளோ ஒரு ஸ்டெல்லா இப்படித்தான் விரட்டியிருக்க வேண்டும்.