தாராவி புஷ்

யாராவது "வீடு எங்கே?" என்று கேட்டால் என் தம்பி மாட்டுங்கா என்பான், பக்கத்து வசதியான பேட்டை. வீடு தாராவியில். எங்கள் சந்தில் பாதிப் பேர் இப்படித்தான். சிலர் சயான் என்பார்கள். தாராவி என்றால் சேரி என்று மும்பைக்காரர்கள் முகம் சுளிப்பார்களாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே சந்தில்தான் நான் ரப்பர் சாமான் வார்க்கிற பட்டறை நடத்துகிறேன்.

அவன் ஆசை ஆசையாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் வளைவுகளில் வாலை ஆட்டியது. பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளில் புஷ் என்று ரப்பர் உருளைகள் உண்டு. அவை நைந்துபோயிருந்தன. செம்பூர் ஆபீஸ் நண்பர்களோடு ரேஸ் டிராக்கில் ஓட்டப் பேர் கொடுத்துவிட்டான்; வெளிநாட்டுச் சாமான் அதற்குள் வராது. நான் வார்த்துத் தருகிறேன் என்றேன்.

"எக்கா, இது மிக்ஸிக்கு அடியில போடுத ரப்பர் இல்ல."

"ஏல, சும்மா காலி பீலி பேசாத. வார்த்துத் தாரேன். எவனாவது கேட்டா மட்டும் தாராவின்னு சொல்லணும்."

அவன் நைந்த புஷ் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும். முதலில் வார்த்ததில் நகம் இறங்கியது, தூக்கி எறிந்தேன். அடுத்தது கல். அதுவும் குப்பைக்கு. பிறகு வந்ததை வைஸ் இடுக்கியில் பிடித்து முறுக்கிவிட்டேன். அடம்பிடித்துத் தன் இடத்துக்கே திரும்பியது. என்னைப் போலவே இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மாட்டினோம். கார் ஜாக்கியில் தொங்கும்போதே தம்பி போல்ட்டை இறுக்கப் போனான். அப்படி இறுக்கினால் சக்கரம் தரையில் ஊன்றியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

"எறக்குல முதல்ல. ஆளையும் ஏத்து."

சக்கரங்களுக்கு அடியில் தடித்த மரக்கட்டைகள் கொடுத்து இறக்கினோம். ஓட்டுகிறவன் பாரத்துக்கு, கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மதினியைப் பிடித்து உட்கார வைத்தேன். பட்டுச்சேலையும் மடியில் பைபிளுமாக அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "எப்ப கெளம்புவோம்?" என்றாள். நான் கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன்.

டிராக்கில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வளைவில் மூச்சே விடவில்லை. கார் தண்டவாளத்தில் போவது மாதிரி திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. வேலியைத் தட்டிக் கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

அவன் வந்து நிறுத்தியதும் நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தரையில் படுத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். எந்த நாட்டுச் சாமான் என்று இந்தியில் கேட்டார். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். வாயில் மாட்டுங்கா என்று வந்தால் அத்தனை பேர் முன்னாலும் அறைந்திருப்பேன்.

"தாராவி கா மால் ஹை," தாராவிச் சரக்கு என்று இந்தியிலேயே சொல்லி என்னைக் கை காட்டினான். "எங்க அக்கா செஞ்சது."

எனக்கு அதுவே போதும். அவன்தான், யாரும் கேட்காமலே, எங்கள் வீடும் அங்கேதான் என்றான்.