ஆட்டோக்காரர் நடந்தார்

என் புருஷன் பிச்சுமணி நடக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாலக்காட்டுச் சொந்தக்காரர்கள் இப்போது அவரைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொண்டு திரிகிறார்கள். மட்டாஞ்சேரியில் இருபத்தாறு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். தெருமுனையில் ஒரு தேங்காய் வாங்கி வரச் சொன்னால் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணுவார். கோயிலுக்கு ஆட்டோ, முடிவெட்டிக்கொள்ளவும் ஆட்டோ. தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அந்த டாக்டர் கிளினிக்குக்கு எதில் வருகிறார் என்று என்னிடம் கேட்டவர். அப்படிப்பட்ட மனுஷன் போன தை மாதம் மட்டாஞ்சேரியிலிருந்து பாலக்காட்டுக்கு நடந்தே போனார், கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோபம்.

கோபத்துக்குக் காரணம் அவருடைய அத்திம்பேர் சங்கர்ராம். இவருடைய அக்கா கனகத்தைக் கட்டியவர். பாலக்காட்டில் மூன்று துணிக்கடை, இரண்டு கார், வாய் நிறைய இங்கிலீஷ். கனகம் அக்கா இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே பெண் ஸாதனா. அம்மா இல்லாத அந்தக் குழந்தை பள்ளிக்கூட லீவு முழுக்க எங்கள் வீட்டில்தான் இருக்கும், அதுவும் வீட்டில் எங்கே, இவருடைய ஆட்டோவில் முன் சீட்டில் ஒட்டிக்கொண்டு கோட்டைக் கொச்சிக்கும் பள்ளுருத்திக்கும் சவாரி. ஆட்டோவின் கண்ணாடிக்கு மேலே மலையாளத்தில் ‘கனகம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். வருஷாவருஷம் பெயின்ட் மங்கினால் புதிதாக எழுதுவார். எனக்கு ஒரு புடவை எடுக்கச் சொன்னால் மட்டும் மறந்துபோகும்.

ஸாதனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களவர்களில் மாலை மாற்றும்போது மணப்பெண்ணை அவளுடைய மாமா தோளில் தூக்க வேண்டும், மாப்பிள்ளையை அவனுடைய மாமா தூக்குவார். ஸாதனாவுக்கு இருப்பது இந்த ஒரே ஒரு மாமாதான். பத்திரிகை அச்சாவதற்கு முன்பே இவர் காலையில் எழுந்து அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் பழக ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு. ஆனால் ஒன்று மட்டும் தெரியும், அந்தப் பெண்ணைத் தூக்க முடியாமல் போனால் இந்த மனுஷன் உயிரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு சங்கர்ராம் போன் பண்ணினார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தது.

“பிச்சு, மாப்பிள்ளை ஆத்துக்காரா எல்லாம் பெரிய இடமாக்கும். நீ பாட்டுக்கு அந்த ஆட்டோவை ஓட்டிண்டு வந்து மண்டப வாசல்ல நிறுத்தாதே. நான் கார் அனுப்பறேன், கேட்டியா.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நல்லதாப் போச்சு, ஏசி கார்ல சுகமாப் போகலாம்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்: “அத்திம்பேர், ஆட்டோலயும் வரலை, உம்ம கார்லயும் வரலை. நடந்து வரேன்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேஷ்டி, துண்டு, துணிப்பை, நெற்றியில் விபூதி. போனை வேண்டுமென்றே மேஜையில் வைத்துவிட்டார், சங்கர்ராம் கூப்பிடுவாராம், பேசவேண்டி வருமாம். தோப்பும்படிப் பாலம் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிடுவார் என்று இரண்டு பேருக்குமாக உப்புமா கிளறி வைத்தேன். பத்து மணிக்கு அதை நானே இரண்டு பங்கும் தின்றேன், அவ்வளவு கோபம்.

சாயங்காலம் ஆறரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். ஆலுவாவில் டயர் கடை வைத்திருக்கிறவர். “சேச்சி, சாமி இவிடெ உண்டு” என்றார், சாமி அங்கே இருக்கிறாராம். சாமியா? யார் சாமி? விஷயம் பிறகு புரிந்தது. அது தை மாதம். பழனிக்கு நேர்ந்துகொண்டு நடந்து போகிறவர்கள் அந்த ரோட்டில் போவது வழக்கம். விபூதியும் துணிப்பையுமாக ஒருத்தர் தனியாகக் கிழக்கே நடந்தால் வேறென்ன நினைப்பார்கள்? கடைக்காரர் இவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, கடைக்குள்ளேயே பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார். இந்த மனுஷன் வாயைத் திறந்து ‘நான் பழனிக்குப் போகவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை இவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“ஏன்னா, அவா உங்களைப் பக்தர்னு நினைச்சுண்டு சோறு போடறா. சொல்லப்படாதா?”

“நான் ஒண்ணும் பொய் சொல்லலை. அவா ஒண்ணும் கேக்கலை.”

மறுநாள் சாலக்குடியில் ஒரு லாட்டரிச் சீட்டு விற்கிற அம்மாள். செருப்பு வார் அறுந்து வெறுங்காலோடு நடந்தவருக்குத் தன் வீட்டுக்காரரின் செருப்பைக் கொடுத்தாளாம், பிறகு காலைத் தொட்டுக் கும்பிட்டாளாம். என் புருஷன் காலை. நான் போனை வைத்துவிட்டு ஒரு தட்டை உடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்ணுத்தியில் ஒரு சர்ச்சில் கஞ்சி. திங்களன்று வடக்கஞ்சேரியில் லாரி டிரைவர்கள் கொடுத்த கப்பக்கிழங்கும் வாழைப்பழமும். ஒவ்வொரு நாளும் புது நம்பர், புதுக் குரல், எல்லோருக்கும் தங்க மனசு. எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஊரில் ஒருத்தராவது கல்நெஞ்சக்காரராக இருந்து ‘போய்யா, வேலையைப் பார்’ என்று துரத்தியிருந்தால் இந்த மனுஷன் இரண்டாம் நாளே பஸ் ஏறியிருப்பார். ஊட்டி ஊட்டி, படுக்க இடம் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு, அவருடைய வீம்பை ஊரே சேர்ந்து வளர்த்தது. அதிலும் எனக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. தெரியாதவர்கள் எல்லாம் அவர் காலைப் பார்த்தார்கள், முகத்தை நான்தான் பார்க்காமல் ஏசி காரைப் பற்றிப் பேசினேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆலத்தூரிலிருந்து போன். தமிழ்க் குரல்.

“அம்மா, எம்பேரு அமீருதீன். இங்க மெத்தைக் கடை வச்சிருக்கேன். சாமி நேத்து சாயந்திரம் நம்ம கடை முன்னால உக்காந்தவரு, எழுந்திரிக்க முடியல. ரெண்டு உள்ளங்காலும் பிஞ்சு போச்சு. என் வீட்டுக்காரி ஜுமைலா மருந்து வச்சுக் கட்டியிருக்கா. இன்னும் இருபத்திமூணு கிலோமீட்டர் நடக்கணும்னு நிக்கிறாரு.”

மறுநாள் காலை மாலை மாற்றும் நேரம். என் பொறுமை அதோடு போயிற்று.

“பாய், அவரைத் தூக்கி ஒரு பஸ்ல போடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நேர்ச்சைக்கு நடக்கிறவரை எப்படிம்மா பஸ்ல ஏத்துறது? பாவம் இல்லையா?”

“நேர்ச்சையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் பழனிக்கே போகலை. மருமாள் கல்யாணத்துக்குப் போறார். அத்திம்பேர் மேல கோபம், அதுக்காக்கும் நடக்கறார்.”

ஏமாற்றிவிட்டார் என்று கடிந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன், ஒரு வகையில் அதற்காகவே காத்திருந்தேன்.

“அப்ப இன்னும் கஷ்டம்மா” என்றார் அமீருதீன். “நேர்ச்சைன்னா ஒரு பரிகாரம் சொல்லி ஏத்திடலாம். கோபத்தோட நடக்கிறவரை யாரு ஏத்த முடியும்? காலுக்குப் பஞ்சு வச்சுப் பெரிய செருப்பா ஒண்ணு போட்டு அனுப்புறேன். நீங்க வாங்க.”

நான் ரயிலில் போவதாக இருந்தது. டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஆட்டோ சாவியை எடுத்தேன். எனக்கு ஓட்டத் தெரியும். இவருக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மூன்று மாதம் நான்தான் ஓட்டிக் குடும்பத்தை நடத்தினேன், லைசென்ஸும் இருக்கிறது. கொச்சி ஆட்டோ அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்கிற போலீஸ்காரர் எவராவது அன்றைக்கு என்னை நிறுத்தியிருந்தால் அவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது. எர்ணாகுளம் டிராஃபிக், இடப்பள்ளி சிக்னல் எல்லாம் தாண்டி வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஒரு மணிக்கு ஆலத்தூரில் அமீருதீன் கடை. ஜுமைலா ஒரு தூக்கில் மோரைக் கொடுத்து, “திட்டாதீங்கக்கா, கால் ரொம்ப மோசம்” என்றாள். திட்ட மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

குழல்மன்னத்துக்கு இந்தப் பக்கம் அவரைப் பிடித்தேன். காலில் வெள்ளைத் துணி மூட்டைகள், அதற்கு மேல் படகு மாதிரிச் செருப்பு. ஆறு நாளில் பாதியாக இளைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திச் சத்தமாகக் கத்தினேன்.

“ஏறுங்கோன்னா.”

“மாட்டேன்.”

“நாளைக்கு அந்தப் பொண்ணை எதை வச்சுண்டு தூக்கப் போறேள்? காலே இல்லையே.”

“தோள் இருக்கு.”

“நான் சொன்னது தப்பு. ஏசி கார்னு சொன்னது தப்பு. போறுமா?”

அவர் நின்றார். மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். “சாரமில்லை, விடு ஜெயா. ஆனா நடந்து வரேன்னு சொல்லிட்டேன்” என்றார். பிறகு நடந்தார். நான் பின்னால் ஆட்டோவை உருட்டிக்கொண்டு வந்தேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், பதிலுக்கு நானும் அடித்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மண்டபம் வந்து சேர்ந்தோம். வாழை மரமும் தோரணமுமாக வாசல். சங்கர்ராம் பட்டுவேஷ்டியில் ஓடி வந்தார். இவர் காலைப் பார்த்தார், பிறகு ஆட்டோவைப் பார்த்தார்.

“ஜெயா, வண்டியைப் பின்னால கொண்டுபோய் நிறுத்தம்மா.”

நான் வண்டியை வாழை மரத்துக்கு நேர் கீழே நிறுத்தி, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். “உங்காத்துக்காரி பேர் எழுதியிருக்கு, அத்திம்பேர். அவளைப் பின்னால நிறுத்தணும்னா நீங்களே தள்ளிண்டு போங்கோ” என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலே இருந்ததைப் படித்தார். அத்தனை வருஷத்தில் அதைப் படித்ததே இல்லை போலிருக்கிறது. பிறகு உள்ளே போனார்.

மறுநாள் காலை, மாலை மாற்றும் நேரம். சங்கர்ராம் ஏற்பாடு பண்ணியிருந்த ஆறடி ஆள் ஒருத்தர், அவருடைய சிநேகிதர் வைத்தீஸ்வரன், தயாராக நின்றார். ஸாதனா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. “பிச்சு மாமா தூக்கினாத்தான்” என்று மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இவர் குனிந்தார். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார், ஒரு காலில் துணி சிவப்பாக ஊறியது. வைத்தீஸ்வரன் முதுகில் கை கொடுக்க வந்தார். “கையை எடும் ஓய்” என்றார் இவர்.

மாலை மாற்றுகிறபோது விளையாட்டு உண்டு. மாப்பிள்ளையின் மாமா பின்னால் பின்னால் போய்ப் போக்குக் காட்டுவார், பெண்ணின் மாமா துரத்த வேண்டும், கூட்டம் சிரிக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஆரம்பித்தும் விட்டார்கள். இவரால் ஓரடி எடுத்து வைக்க முடியாது. அப்போது தன் மாமாவின் தோளில் இருந்த மாப்பிள்ளை சுதர்ஷன் இவர் காலைப் பார்த்தான். கோயம்புத்தூர்ப் பையன், எங்களை அதற்கு முன் கண்டதில்லை. “என்னை இறக்கி விடுங்கோ மாமா” என்று சொல்லி இறங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து, இவருக்கு எதிரில் நின்று, தோளில் இருந்த ஸாதனாவுக்கு எட்டுகிற மாதிரி எக்கி நின்றான். மூன்று தடவையும் அப்படியே.

ஸாதனாவை இறக்கியதும் இவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கும்தான். கோபத்தில்தான் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

சங்கர்ராம் வந்து குனிந்தார். குரல் கம்மியிருந்தது. “பிச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்டா. கார் எடுத்துண்டு வரச் சொல்றேன்.”

இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வேண்டாம், அத்திம்பேர். என் வண்டி வாசல்ல நிக்கறது.”