குடிலுக்குள் ஒரு கூட்ஸ் யார்டு

மாப்பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், குடி கிடையாது, பீடி கிடையாது என்று சொல்லித்தான் என்னை அருப்புக்கோட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். ரயில் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு அப்போது ரயிலே வரவில்லை. பார்க்க வேண்டுமென்றால் விருதுநகர் போக வேண்டும், அதுவும் யுத்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்ஸில். சனிக்கிழமை தவறாமல் அந்தப் புகையைத் தின்றுகொண்டு போய், கூட்ஸ் யார்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அதே புகையில் திரும்புகிறவர் என் வீட்டுக்காரர்.

பார்த்ததையெல்லாம் வீட்டில் கட்டினார். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு, அதன்மேல் விருதுநகர் யார்டை அப்படியே இறக்கினார். உடைந்த குடைகளின் கம்பி தண்டவாளமானது. அதன் அடியில் கட்டைகளுக்குப் பதில் தீக்குச்சி. பிஸ்கட் தகரத்தை வெட்டி வேகன் செய்து, சட்டைப் பித்தானைச் சக்கரமாக மாட்டினார். எஞ்சினுக்குள் செத்துப்போன ஒரு டைம்பீஸின் ஸ்பிரிங் இருந்தது. சாவி கொடுத்தால் ஒரு முழம் ஓடும், அதற்கு மேல் விரலால் தள்ள வேண்டும்.

ஜவுளிக்கடை அட்டையில் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி செய்தார். அதற்கு அழகாக வெள்ளையடித்துவிட்டு, மறுநாளே சிம்னி விளக்கைக் காட்டிச் சுவரெல்லாம் கரியாக்கினார். எண்ணெய் ஆலை வாசலில் எண்ணெய் சொட்டிய கறை, மிளகாய் வத்தல் மண்டிக்கு எதிரே பாதி கிழிந்த நோட்டீஸ், ரோடு தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் மாட்டுவண்டித் தடம்.

“புதுசா இருந்தா பொம்மை. அழுக்கா இருந்தாத்தான் டவுனு” என்பார்.

என் அடுப்படிச் சுவர் கரி பிடித்தால் மட்டும் இந்தத் தத்துவம் அவருக்கு ஞாபகம் வராது.

ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அவருக்கு வேண்டாம். வேகன்களை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றுகிற ஷண்டிங்தான் வேண்டும். மெயின் லைன் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போய் அதிலேயே வந்து சேர்கிற லூப் ஒன்று, கிட்டங்கிக்கும் ஆலைக்கும் மண்டிக்கும் பிரிகிற சைடிங்குகள். மண்டி சைடிங்கில் பின்னால் மாட்டிக்கொண்ட வத்தல் வேகனை வெளியே எடுக்க வேண்டுமென்றால், முன்னால் நிற்பவற்றை இழுத்து வந்து லூப்பில் விட்டு, எஞ்சின் சுற்றி வந்து, மறுபடியும் உள்ளே போக வேண்டும். சாயங்காலமானால் இதே வேலை. முதலில் நான் திட்டினேன். பிறகு ஒருநாள் அகப்பையும் கையுமாக வந்து நின்று, “எண்ணெய் வேகன முதல்ல லூப்புல விடுங்க, வழி தன்னால கிடைக்கும்” என்று சொன்னேன். சொன்னபடியே வழி கிடைத்தது. அதற்குப் பிறகும் திட்டினேன், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திட்டினேன்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில், வெள்ளைக்காரனை வெளியேறச் சொன்ன தலைவர்களையெல்லாம் உள்ளே தள்ளினார்கள். அதன் பிறகு அங்கே தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், இங்கே தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள் என்று தினம் ஒரு பேச்சு வந்தது. எங்களுக்கு அடுத்த தெரு வாத்தியார் ஒருவர் தடை செய்த நோட்டீஸ் வைத்திருந்தார் என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அவர் திரும்பி வந்தபோது சாக்பீஸ் பிடிக்க விரல் மடங்கவில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் என் வீட்டுக்காரர் சாமணத்தால் ஒரு தீக்குச்சியை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எது எங்கே பிரிகிறது, எந்தப் பாயிண்டைத் திருப்பினால் வண்டி எங்கே போகும், எந்த இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது, எல்லாம் அந்தக் கதவின்மேல் இம்மி பிசகாமல் இருந்தது. அதைப் பார்க்கிற போலீஸ்காரனுக்கு வேறு சாட்சி எதற்கு? வாரம் தவறாமல் வேலியோரம் நிற்கிற ஆளை விருதுநகரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

“பிரிச்சுப் போட்டுருங்க” என்றேன்.

“பிரிச்சா திரும்பச் சேராது.”

“உங்க கைய ஒடிச்சுட்டா அது மட்டும் திரும்பச் சேருமா?”

அவர் விருதுநகர் போவதை நிறுத்தினார், யார்டைப் பார்த்து வரைந்த தாள்களை எரித்தார். ஆனால் யார்டைத் தொடவில்லை. பால்காரியைக்கூட முன்னறைப் பக்கம் விடாமல் கொல்லை வழியாக வரச் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பள்ளிக்கூடத்துப் பியூன் ஓடிவந்தார். “வாத்தியார் வீடு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு வாராக. புது ஏட்டையா. இப்ப இந்தத் தெருதான்” என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். கதவைத் தூக்கி ஒளித்துவைக்க எங்கள் வீட்டில் இடம் ஏது? கிறிஸ்துமஸ் குடில் கட்டக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்த காக்கித்தாள் கொல்லையில் கிடந்தது. அதை அள்ளிவந்து கிட்டங்கியின் மேலும் ஆலையின் மேலும் கவிழ்த்தேன். பாறையும் மலையும் வந்துவிட்டன. தண்டவாளத்தின் மேல் மணலைக் கொட்டி வைக்கோலைப் பரப்பினேன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பனை ஓலை போட்டதும் அது மாட்டுத்தொழுவம் ஆனது. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சுரூபங்களை எடுத்து மாதாவை ஒரு பக்கமும் சூசையப்பரை ஒரு பக்கமும் நிறுத்தினேன். பாலனைக் கிடத்தத் தீவனத்தொட்டிக்கு எங்கே போவது? மேல்மூடி இல்லாத ஒரு வேகனில் வைக்கோலைத் திணித்து, பாலனை அதில் படுக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டு இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தார். அரிசிப் பானையிலிருந்து புத்தக அலமாரிவரை கலைத்தார்கள். ஏட்டு முன்னறையிலேயே நின்றார்.

“சனிக்கிழமையானா விருதுநகர்ல உங்களுக்கு என்ன சோலி?”

என் வீட்டுக்காரர் வாய் திறக்குமுன் நான்தான் முந்திக்கொண்டேன். “குடிலுக்குச் சாமான் வாங்கப் போனாக.”

“ஆடி மாசத்துல இருந்தா?”

ஏட்டு குனிந்தார். மணலுக்கு வெளியே ஒரு குடைக்கம்பி விரல் நீளத்துக்குப் பளபளத்தது. அவருடைய கண் அங்கேதான் போகிறது என்று நினைத்தேன். அது வேறு இடத்துக்குப் போனது.

“பாலன இன்னைக்கே வச்சுட்டீகளே தாயி. நடுச்சாமப் பூசைக்கு இன்னும் நாள் கிடக்குல்ல?”

எங்கள் வேதக்காரர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பூசை முடியும்வரை தொட்டி காலியாகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகூட அதில் தப்பு செய்யாது. பதற்றத்தில் நான் செய்திருந்தேன். வந்திருப்பவர் வேறு ஆளாக இருந்தால் கவனித்திருக்க மாட்டார். இவர் எங்கள் ஆளாக இருந்தார்.

அவர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பாலனைத் தூக்கினார். வைக்கோல் சிக்கி வேகனும் கூடவே இழுபட்டது. அது மணலுக்குள் இருந்த கம்பியின் மேல் கிரீச்சென்று உருண்டு, சைடிங் முனைக் கட்டையில் இடித்து நின்றது. தொழுவத்துத் தொட்டி எங்காவது உருளுமா? ஏட்டு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“உள்ள கொண்டுபோய் வைங்க” என்று பாலனை என் கையில் கொடுத்தார். “இங்க ஒண்ணுமில்ல, வாங்கப்பா” என்று கான்ஸ்டபிள்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

விட்டுவிட்டாரா, இன்ஸ்பெக்டரைக் கூட்டிவரப் போயிருக்கிறாரா? இருவரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் தானாகவே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். தகரத்தை நசுக்கிக் குப்பைக் குழியில் போட்டார். கிட்டங்கியும் ஆலையும் மண்டியும் அடுப்புக்குள் போயின.

“எஞ்சினையாவது வச்சுக்கங்க” என்றேன். இத்தனை மாதமாகப் பிரி பிரி என்று கத்திய நான்தான் அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினையும் நசுக்கினார். பாலன் படுத்த வேகனை மட்டும் நான் கொடுக்கவில்லை. சாமி படுத்ததை நசுக்கக்கூடாது என்று சண்டை போட்டு உள்ளறை ஜெபப் பீடத்தில் வைத்தேன்.

போலீஸ் வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஏட்டு வெள்ளை வேட்டியில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாப்பாவுக்கு ரயிலக் காட்டலாம்னு கூட்டியாந்தேன் சார்.”

முன்னறையில் ஒரு முக்காலியின்மேல் சின்னக் குடில் இருந்தது. வேறொன்றும் இல்லை. ஏட்டுக்கே புரிந்திருக்க வேண்டும். “அடடா” என்று மெதுவாகச் சொன்னார். நான் உள்ளே போய் வேகனை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தரையில் உருட்டினாள்.

“இதுக்குத் தண்டவாளம் எங்க?” என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, சிமெண்டுத் தரையில் மெயின் லைனை இழுத்தார். பிறகு லூப், பிறகு சைடிங்குகள், பாயிண்டுகள், கைகாட்டிகள். போலீஸ்காரரின் கால்மாட்டில் விருதுநகர் யார்டு முழுசாக விரிந்தது. கண்ணைக் காட்டினேன், இருமினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கோடு எங்கேயும் கோணவில்லை.

ஏட்டும் குத்தவைத்து உட்கார்ந்தார். “வத்தல் மண்டி இங்கிட்டுல்ல சார்?”

“இது லூப்பு. மண்டி அதுக்கு அங்கிட்டு.”

அந்தப் பெண் வேகனைத் தள்ளிக்கொண்டே போய் மண்டியில் விட்டாள். அவர்கள் அச்சுமுறுக்குத் தின்று முடிக்கும்வரை நான் அடுப்படியில் துணியை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொண்டு நின்றேன். நல்ல மனுஷர்தான், எங்கள் ஆள்தான். ஆனால் நாளைக்கு அந்தத் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்வாரே.

அவர்கள் வாசல்படி இறங்கியதும் சாக்பீஸ் கோடுகளைத் துடைக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் முட்டி போட்டபடியே இருந்தார்.

“லூப்ப மட்டும் விட்டு வையேன்” என்றார்.

நான் அதையும் துடைத்தேன்.