டேங்குக்குப் பக்கத்தில் நின்றவள்

யாகூப் பாய் பெட்ரோல் டேங்க்கைத் தொடமாட்டார் என்பது சங்கரன்கோயிலில் பஸ் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். கிணற்றில் நீர் இறைக்கிற கமலைச் சால் கொண்டு வா, வண்டி அச்சு கொண்டு வா, உடைந்த சைக்கிள் கொண்டு வா, கேஸ் வெல்டிங்கில் ஒட்டிக் கொடுப்பார். டேங்க் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீக்கடையில் அவருக்குத் தொடைநடுங்கி என்று பெயர். கேலி பேசுகிறவர்களுக்கு என்ன, சுடப்போவது அவர்கள் கையா?

யுத்தக் காலத்தில் பாஸ்ராவில் ராணுவப் பட்டறையில் தொழில் கற்றவர் அவர். அங்கே கூட வேலை பார்த்த ஏசுவடியான் ஒருநாள் காலிப் பெட்ரோல் பீப்பாய் ஒன்றை ஒட்ட உட்கார்ந்தான். பீப்பாய்க்குள் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஆவி இருந்தது. தீ பட்டதும் பீப்பாய் வெடித்தது. அவனைத் துணியில் கூட்டி அள்ளியவர்களில் யாகூப்பும் ஒருவர். ஊருக்கு வந்து கல்யாணமான புதிதில் இதை ஜுலைகா பீவியிடம் சொல்லி, இனிமேல் டேங்க் வேலை தொடமாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்திருந்தார்.

அந்தச் சத்தியத்துக்கு ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடித் தபசுக்கு இரண்டு நாள் முன்னால் சோதனை வந்தது. பஸ் முதலாளி அம்பலவாணன் நேரே பட்டறைக்கு வந்து நின்றார். திருவேங்கடம் ரோட்டில் கல் அடித்து டேங்க் கிழிந்துவிட்டது. மதுரையிலிருந்து புது டேங்க் வர நாலு நாள் ஆகுமாம். தபசுக் கூட்டம் நாலு நாள் காத்துக்கொண்டா இருக்கும்?

"பாய், ஒம்மைத் தவிர எனக்கு நாதி இல்ல வே."

நெருப்பு வேலைக்கு ஊரில் ஒருவரும் இடம் கொடுக்காதபோது, தன் பஸ் ஷெட்டை ஒட்டி இந்த இடத்தைக் கொடுத்தவர் அம்பலவாணன். அவர் முகத்தைப் பார்த்து யாகூப்பால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சரி என்றார். பட்டறைக்குப் பின்சந்தில்தான் வீடு. ஜுலைகா காதுக்கு எட்டாமல் முடித்துவிட வேண்டும் என்பதே அப்போது அவருடைய பெரிய கவலையாக இருந்தது.

டேங்க்கைக் கழற்றி, சோடா உப்புப் போட்ட வெந்நீரால் மூன்று தரம் அலசினார்கள். ஆவிக்கு இடமில்லாமல் தண்ணீரை நிரப்பி வைத்தே ஒட்டிவிடலாம்தான். ஆனால் கிழிசல் அடியிலிருந்து பக்கவாட்டில் ஏறியிருந்தது. எப்படித் திருப்பி வைத்தாலும் தண்ணீர் அதன்மேல் நின்றது. ஈரத் தகட்டில் பற்றுப் பிடிக்காது. ஆகவே ராணுவத்தில் பார்த்த இன்னொரு வழியை எடுத்தார். முதலாளியின் பழைய லாரியைப் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அதன் புகைக்குழாயிலிருந்து நீளமான இரும்புக் குழாய் வைத்து டேங்குக்குள் புகையை விட்டார். பொறி போய்விடாமல் குழாயின் மேல் ஈரச் சாக்கு சுற்றினார். எரிந்து முடிந்த புகை உள்ளே நிறைந்தால் ஆவி வெளியேறிவிடும், தீப்பிடிக்க அங்கே காற்றும் இருக்காது.

முக்கால் மணி நேரம் கழித்து, டேங்கின் வாயில் ஒரு பால் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து, வருகிற புகையை அதில் நிரப்பி, தகட்டால் மூடிப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தார். நீளக் கம்பின் நுனியில் மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்தி டப்பாவின் வாயில் காட்டினார். தீ அணைந்ததே தவிர, ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீரா? சுத்தம்!" என்றார் முதலாளி.

லாரி டிரைவர் இசக்கிப்பாண்டியிடம் எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, யாகூப் வெல்டிங் வாயு உண்டாக்குகிற கார்பைடு டிரம்மைத் தயார் செய்யப் போனார். அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பியபோது டேங்குக்குப் பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டியோடு ஜுலைகா நின்றிருந்தாள்.

"ஏட்டி, நீ எங்க இங்கன வந்தே? வீட்டுக்குப் போ."

"என்ன வேலை செய்யுதீய மச்சான்?"

"எல்லாம் பாத்தாச்சு. பயம் ஒண்ணும் இல்ல. நீ போ."

"பயம் இல்லைன்னா நான் நின்னா என்ன? நின்னு பாத்துட்டே போறேன்."

"சொன்னாக் கேளு புள்ளே!"

"சத்தியத்தைத்தான் தின்னுட்டீய. சொல்லுதது நெசமான்னு நான் பாக்காண்டாமா?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். யாகூப்புக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு பேர் முன்னால் இப்படி நிற்கிறாளே என்று பல்லைக் கடித்தார். ஆனால் டார்ச் பிடித்த கை முன்னே போகவில்லை. தான் மட்டும் என்றால் இந்நேரம் உட்கார்ந்திருப்பார். அவள் அங்கே நிற்கும்போது முதல் சோதனை போதுமானதாகத் தெரியவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடியும் பால் டப்பாவை எடுத்தார்.

"இன்னுமா வே?" என்றார் முதலாளி.

யாகூப் புகையை நிரப்பி, பத்தடி தள்ளி வைத்து, கம்பை நீட்டினார்.

டமார் என்று டப்பா ஷெட்டுக் கூரைக்குப் பறந்தது. முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு டப்பா ஆவிக்கே இந்தச் சத்தம் என்றால் முழு டேங்குக்கு எத்தனை என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாகூப் லாரியை நோக்கி ஓடினார். குழாயின் இடுக்கில் கரிய புகை கசிந்துகொண்டிருந்தது.

"என்னலே செஞ்சே?"

"புகை கொறைவா வந்துது அண்ணாச்சி. நெறைய வந்தா சீக்கிரம் சுத்தமாகுமேன்னு சோக்கை இழுத்து விட்டேன்," என்றான் இசக்கிப்பாண்டி. கொசுவுக்கு மூட்டம் போடுகிறவன் கணக்கு அது. சோக்கை இழுத்தால் எரியாத பெட்ரோலும் காற்றும் புகையோடு சேர்ந்து வரும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? காலையிலிருந்து புகையில் நின்று மூக்கு மரத்துப்போன யாகூப்புக்கும் வாடை பிடிபடவில்லை. அவனை அடிக்கக் கை ஓங்கியவர், சொல்லாமல் விட்டது தான்தானே என்று கையை இறக்கிக்கொண்டார். அப்புறம்தான் அழுகை வந்தது. மறைக்காமல் அழுதார்.

"வேண்டாம் பாய், பஸ்சு கெடக்கட்டும்," என்றார் முதலாளி.

யாகூப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேங்க்கை மறுபடியும் முதலிலிருந்து அலசச் சொன்னார். சோக்கைத் தள்ளிவிட்டு லாரியில் தானே ஏறி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் புகை போயிற்று. மூன்று டப்பா பிடித்துக் காட்டினார். மூன்றும் சத்தமில்லாமல் தீயை அணைத்தன. முதலாளியையும் இசக்கிப்பாண்டியையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். ஜுலைகாவும் அவர்கள் பின்னால் நகர்ந்தாள். மூன்று டப்பாவைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

"நீ போகாத," என்றார் யாகூப். "இங்கன நில்லு."

அவள் திரும்பி வந்து அவர் தோளை ஒட்டி நின்றாள். நாலு விரல்கடை நீளக் கிழிசலை ஒட்டி முடிக்க ஆறு நிமிஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவர் டேங்க் வேலை பார்த்தார். ராயகிரியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் தேடி வந்தார்கள். வந்த டேங்க்கை அலசிப் புகை விட்டுச் சோதித்து முடித்ததும் பின்சந்துக்கு ஆள் அனுப்புவார். ஜுலைகா கையைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் நிற்பாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் எழுந்து நடமாடும்வரை டேங்க் பட்டறையிலேயே கிடக்கும். பெண்டாட்டியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். யாகூப்பும் கூடவே சிரித்துவிட்டு, அவள் வருகிறாளா என்று சந்துப் பக்கம் பார்ப்பார்.