மஞ்சள் தண்ணீரில் கழுவிய பாலாடைக்கட்டி

காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, பெட்டி சுமந்து வந்த இருவரில் இளையவர் நின்று மூக்கைச் சுளித்தார். மணி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், என் வீட்டுக்காரரின் சங்கிலிக் கடிகாரம் அன்று என் முந்தானையில் முடிந்து கிடந்ததுதான். அதற்குப் பிறகு அதை எத்தனை முறை அவிழ்த்துப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

“ஏனுங்க மச்சான், வாடை வருதுங்களா?”

“கொஞ்ச நேரமா வருது மாப்ளே. உன்னுதுன்னு நெனச்சுப் பேசாம வந்தேன்.”

கொல்லிமலைக்கு வண்டிப் பாதை கிடையாது. புளியஞ்சோலைப் பக்கமிருந்து ஏறினால் ஒற்றையடித் தடம்தான். மேலே போகும் எந்தப் பொருளும் யாராவது ஒருவர் தோளில்தான் போக வேண்டும். அன்று மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிட்டு அவர்கள் இருவரும் சுமந்தது ஒரு மரப்பெட்டி. அதற்குள் நாலு வகைச் சீஸ். பாலாடைக்கட்டி என்று அகராதி சொல்கிறது. கப்பலில் மூன்று வாரம், ரயிலில் ஓர் இரவு, துறையூர் பஸ்ஸின் தலையில் அரை நாள், பிறகு என் அடுக்களையில் இரண்டு நாள் என்று வந்து சேர்ந்த பெட்டி அது.

பெட்டி டாக்டரம்மாவுடையது. என் வீட்டுக்காரர் வன இலாகாவில் ரேஞ்சர். அவருக்கு மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. துரையின் அக்காள்தான் டாக்டரம்மா. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை ஏற்க வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தமிழில் ‘வணக்கம்’, ‘வலிக்கிறதா’ என்ற இரண்டு சொற்கள்தான் அவருக்குத் தெரியும். தம்பிக்காக ஊரிலிருந்து சீஸ் கொண்டுவந்திருந்தார். “மூன்று வருஷமாக அவன் நல்ல சீஸ் சாப்பிடவில்லை, பாவம். தபாலில் அனுப்பியதெல்லாம் வழியில் என்ன ஆயிற்றோ!” என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். மே மாத வெயிலுக்கு மலைமேல் ஓடைக்கரையில் விருந்து, அங்கே வைத்துத் தம்பியை அசத்துவது என்பது அவர் திட்டம்.

எங்கள் திட்டம் வேறு. என் மகள் இன்டர்மீடியட் தேறியிருந்தாள். டாக்டருக்குப் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விண்ணப்பத்தோடு ஒரு டாக்டரின் நற்சான்றும், குடும்பத்தை அறிந்த சர்க்கார் அதிகாரி ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். துரை என் வீட்டுக்காரரிடம், “என் அக்காள் விருந்தில் பெண்ணைப் பார்த்துப் பேசட்டும். அவள் எழுதினால் நான் கையெழுத்திடுகிறேன்” என்று சொல்லிவிட்டார். மறுநாள் டாக்டரம்மா சென்னைக்குக் கிளம்புகிறார். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் தபாலில் சேர வேண்டும். ஆக, என் மகளின் படிப்பு முழுவதும் அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

துரையும் என் வீட்டுக்காரரும் முந்தின நாளே மலைமேலுள்ள திருப்புலி நாடு என்ற பகுதிக்குப் போய்விட்டார்கள். அங்கே காட்டு எல்லை பார்த்துவிட்டு மத்தியானம் விருந்துக்கு வந்து சேர்வதாக ஏற்பாடு. டாக்டரம்மா டோலியிலும் என் மகள் நடந்தும் இருட்டோடு புறப்பட்டுவிட்டார்கள். பெட்டியோடு பின்னால் வரும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வோர் ஓடையிலும் சாக்கை நனைத்துப் பெட்டிமேல் போட வேண்டும். நான் பதினாலு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாரம்மா; சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்று பெயர். அதனால்தான் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு வேங்கை மரம். அடியில் நட்ட கல்லும் இரண்டு வேலும் இருந்தன. மூத்தவர் பெட்டியை இறக்கச் சொன்னார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. செத்தது எதையும் இந்தச் சாமியத் தாண்டி மேல கொண்டுபோகக் கூடாதுங்க. எங்கூட்டு ஆளு கீழ போயிச் செத்தாக்கூட கீழதான் பொதைப்போம்.”

“இதில் செத்தது ஒன்றுமில்லீங்க. எல்லாம் பால்.”

“பாலுங்களா? பாலு இப்படியா நாறும்?”

“வெள்ளைக்காரர் ஊர்ப் பால்.”

“அப்ப அந்த மாடு செத்திருக்குமுங்க” என்றார் இளையவர்.

திறந்து காட்டாமல் நகர மாட்டோம் என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பயம். கத்தி முனையால் ஆணியை நெம்பித் திறந்தோம். மூவரும் ஒரே சமயத்தில் பின்னால் சாய்ந்தோம்.

வைக்கோலுக்கு நடுவே முதலில் தெரிந்தது சிவப்பு மெழுகு பூசிய ஒரு பந்து. “இது ஒழுங்கான ஊட்டுல செஞ்சது” என்று மூத்தவர் அதைத் தனியே எடுத்துவைத்தார். அடுத்தது மஞ்சளாக ஒரு செங்கல், அதிலும் குற்றமில்லை. மூன்றாவது, தட்டையான வட்டம். அதன்மேல் பூனைக்குட்டி போல வெள்ளை ரோமம் முளைத்திருந்தது. நாலாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அது பாதியாக வெட்டிய கட்டி. வெட்டுவாயில் பச்சையும் நீலமுமாகப் பூஞ்சணம், கிழவர்கள் காலில் நரம்பு புடைத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பூஞ்சணம் பிடித்த பண்டத்தை உண்ணலாகாது என்று நாலாம் வகுப்புச் சுகாதாரப் பாடத்தில் இருக்கிறது. பதினாலு வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கடல் தாண்டி நல்லபடி வந்த பண்டம் என் அடுக்களையில் இரண்டு நாளில் கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன். சுத்தம் தெரியாத வீட்டுப் பெண்ணை டாக்டருக்குப் படிக்க எந்த டாக்டர் சிபாரிசு செய்வார்?

“அழுவாதீங்கம்மா” என்றார் மூத்தவர். “கழுவுங்க. கருவாடே கழுவுனா ஆகுது.”

என் மூட்டையில் மேலே சமைக்கப் புளியும் உப்பும் இருந்தன. ஓடையில் குளிக்கக் கொண்டுவந்த மஞ்சள்தூளும் தேங்காய் நாரும் இருந்தன. சாமிக்குப் பத்தடி கீழே ஓடை. உட்கார்ந்துவிட்டேன். ரோமம் முளைத்ததை நாரால் தேய்த்தேன். தோல் போனதும் அது குழைந்து ஒழுகத் தொடங்கியது. பித்தளைச் சொம்பில் பிடித்துவைத்தேன். நீல நரம்பு ஓடியதைப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, என் தலையிலிருந்த ஊசியை எடுத்து ஒவ்வொரு நரம்பாகத் தோண்டினேன். முக்கால் மணி நேரம் தோண்டினேன். இளையவர் பக்கத்தில் குந்தி, “அங்க ஒண்ணு இருக்குதுங்க. இந்தப் பக்கம் ரெண்டு விட்டுட்டீங்க” என்று காட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொம்பிலிருந்ததைத் தவிர மற்றதையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துப் பாறையில் காயவைத்தோம்.

மூத்தவர் குனிந்து முகர்ந்தார்.

“இப்பக் கலியாண ஊட்டு வாசம் வருதுங்க. போலாம்.”

ஆனால் உடனே போகவில்லை. தோண்டி எடுத்ததையெல்லாம் ஓர் இலையில் கூட்டி, குழி வெட்டிப் புதைத்து, மேலே மூன்று கை மண் தள்ளினார்கள். செத்ததற்குச் செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும்? நானும் எழுந்து நின்று தலை குனிந்தேன். ஐரோப்பாவில் எந்த ஊரில் பிறந்ததோ, வேங்கை மரத்தடியில் அடக்கமாயிற்று. அப்போது மணி ஒன்பது ஐந்து.

பதினொன்றரைக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். ஓடைக்கரையில் பலாமர நிழலில் ஒரு தட்டைப் பாறைமேல் வெள்ளைத் துணி விரித்து, தட்டுகளும் சிறு கத்திகளும் வைத்திருந்தார்கள். என் மகள் கஞ்சி போட்ட புடவை போலவே விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா கைதட்டிக்கொண்டு எழுந்து வந்து பெட்டியைத் திறந்தார்.

அவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சொம்புக்குள் பார்த்தார்.

என் ஆங்கில இலக்கணம் முழுவதும் புளியஞ்சோலையிலேயே நின்றுவிட்டிருந்தது. ‘நான் கழுவு, மிக அழுக்கு, இப்போது சுத்தம்’ என்று மூன்று துண்டுகள்தான் வாயில் வந்தன. பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் மகள் எழுந்து வந்துவிட்டாள்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பூஞ்சணம் பிடிச்சிருந்துச்சு கண்ணு.”

“எங்க? வெளியிலயா?”

“ஒண்ணுக்கு வெளியில. இதுக்கு உள்ளதான். கோடு கோடா.”

அவள் மஞ்சள் தண்ணீரில் தோய்ந்த அந்தப் பாதிக் கட்டியைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைகளைப் பார்த்தாள். “நேர் கோடாவா?”

“ஆமா. ஊசி தானா இறங்குச்சு. யாரோ முன்னாலயே வழி போட்டு வெச்சாப்புல.”

என் மகள் டாக்டரம்மா பக்கம் திரும்பி, எனக்கு வராமல் போன அதே ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: “கெட்டுப்போயிருந்தால் பூஞ்சணம் வெளியிலிருந்து உள்ளே போயிருக்கும். இது உள்ளே மட்டும் நேர் கோட்டில் இருந்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ வேண்டுமென்றே ஊசியால் குத்தி வளர்த்திருக்கிறார்கள். என் அம்மா கழுவியது அழுக்கை அல்ல. ஆனால் அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.”

டாக்டரம்மா பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். ஆமாம், அப்படித்தான் என்றார். பூஞ்சணத்தை விதைத்து, காற்றுப் போக ஊசியால் துளையிட்டு, மாதக்கணக்கில் குகையில் வைத்துக் காப்பார்களாம். அந்த வெள்ளை ரோமமும் வளர்த்த பயிர்தானாம். ஆக, ஒருவர் வெள்ளாமையை நான் களை என்று எண்ணி வேரோடு பிடுங்கியிருக்கிறேன்.

அதன்பின் அவர் என் மகளைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். காய்ச்சல், கொசு, காயம், கொதிக்கவைத்த தண்ணீர் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நான் ஊசியால் தோண்டிய கட்டியில் ஒரு துண்டு வெட்டி அவளிடம் கொடுத்தார். அவள் மென்றாள்.

“உப்பு, புளி, மஞ்சள்” என்றாள். “அதற்கும் பின்னால் எங்கோ ஓர் ஆடு நிற்கிறது.”

டாக்டரம்மா சிரித்துப் புரையேறி ஓடைத் தண்ணீர் குடித்தார். சிவப்புப் பந்தை வெட்டிச் சுமந்து வந்தவர்களுக்கும் கொடுத்தார். மூத்தவர் முதலில் சாமி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாயில் போட்டார்.

“உப்புப் போட்ட தேங்காயாட்டம் இருக்குதுங்க. மொளகு கம்மி.”

மடியிலிருந்து தன் தோட்டத்து மிளகை எடுத்துக் கல்லில் நசுக்கித் தூவிக்கொண்டார். டாக்டரம்மாவும் தட்டை நீட்டினார். மூன்று முறை நீட்டினார். பலாச்சுளையைப் பிளந்து அதற்குள் மிளகுச் சீஸ் வைத்துத் தின்று காட்டினார் இளையவர். அதுவும் அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. நிழலும் தண்ணீரும் சிரிப்புமாக எல்லோரும் மகிழ்ந்திருந்தார்கள். நான் மட்டும் கடிகாரத்தை அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு அவர் காகிதம் எடுத்து, பெட்டி மூடியின்மேல் வைத்து எழுதினார். நற்சான்றா, என்மேல் புகாரா என்று தெரியவில்லை. எழுதி முடித்து என்னைப் பார்த்துச் சொன்னார்: “இது என் பங்கு. என் தம்பியின் கையெழுத்து இல்லாமல் இதற்கு மதிப்பில்லை. ஆனால் இந்தச் சீஸ் அவனுடையது. அவனிடம் நடந்ததை நான் மறைக்க மாட்டேன்.”

அவர் மறைக்காததில் தவறில்லை. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு எப்படிப் போயிற்று என்பதை இன்றும் என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது. யாராவது மூடிய பெட்டி ஒன்றை நீட்டினால் இப்போதும் கை பின்னால் போகிறது. அன்று துரைக்கென்று மூடிவைத்த சீஸ் தட்டின்முன் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டே, துரை கேட்கப்போகும் கேள்விகளையெல்லாம் எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன்.

“அம்மா, வெசிறினது போதும்” என்றாள் மகள். “ஈயே வரலை.”

அது உண்மைதான். ஈகூட அதன்மேல் உட்காரவில்லை.

மத்தியானம் வர வேண்டிய துரை நாலு மணி பத்து நிமிடத்துக்குத்தான் வந்தார். பின்னாலேயே என் வீட்டுக்காரர், களைத்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி. டாக்டரம்மா தட்டைத் திறந்து நீட்டி, நடந்தது முழுவதையும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். ஊசியையும் சொன்னார். அடக்கம் செய்ததையும் சொன்னார். என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நான் பார்க்காமல் ஓடையைப் பார்த்துக்கொண்டேன்.

துரை குனிந்து தட்டை முகர்ந்தார். சொம்பையும் முகர்ந்தார். அக்காளிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, காகிதத்தைப் படித்து, கீழே கையெழுத்திட்டு என் மகளிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இலாகாப் பரீட்சைக்காகப் படித்த தமிழ் அவருடையது. புத்தகம் பேசுவது போல இருக்கும். அக்காளுக்குப் புரியாது என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அம்மா, நன்று செய்தீர்கள். சிறு வயது முதல் இப்பண்டம் எனக்கு ஆகாது. அக்காளிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றளவும் வரவில்லை. அடுத்த ஆண்டும் கொண்டுவருவாள். அதையும் தாங்களே கழுவ வேண்டும்.”