ஜூலைக்கு ஊதா

"இன்னும் பெரிசு பண்ணு. லாரிய வுடு, அந்த மூலையக் காட்டு."

செங்கமலம் சுடலையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். டீ இடைவேளை பத்து நிமிஷம். போனை உற்பத்தி லைனுக்குள் கொண்டுபோக முடியாது. லாக்கர் அறையில்தான் பார்க்க வேண்டும். ஆறு நிமிஷம் போய்விட்டது.

போனில் வந்திருந்த படத்தில் எரிந்த ராணுவ லாரி ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. கீழே எழுதியிருந்தது: நேற்று வடக்கு எல்லையில் கண்ணிவெடி. பத்தொன்பது வீரர்கள் பலி. மறைக்கிறார்கள். அழிப்பதற்குள் பகிருங்கள்.

சுடலையின் தம்பி அன்பு அந்தப் பக்கம்தான் ராணுவ லாரி ஓட்டுகிறான்.

"நேத்து மத்தியானத்துலேருந்து போன் போக மாட்டுக்குக்கா. அம்ம பச்சத்தண்ணி குடிக்கல."

லைன் சூப்பர்வைசர் பிரசன்னா எட்டிப் பார்த்தான். "எனக்கு நாலு குரூப்ல வந்துச்சுக்கா. நாலு பேருமா பொய் சொல்வானுங்க?"

"ஒரே டை அச்சுல அடிச்சா நாலு பீஸ்லயும் அதே நெளிசல்தான் இருக்கும். இதுகூடத் தெரியாம நீ இன்னா சூப்பர்வைசரு?"

சொல்லிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். படத்தின் மூலையில், மணலில் தனியாகத் தெறித்துக் கிடந்தது ஒரு இரும்புப் பிராக்கெட். தீ படவில்லை. அதன் மேல் இரண்டு புள்ளி, ஒரு சின்னக் கோடு. ஊதா நிறம்.

அது அவளுடைய குறி.

வல்லம் வடகாலில் இந்தக் கம்பெனி வந்ததிலிருந்து பதினோரு வருஷமாகக் கடைசிச் சோதனையில் நிற்கிறாள். பிராக்கெட்டை விளக்கில் காட்டி, கட்டைவிரலால் ஓரம் தடவி, சரியென்றால் குறி போடுவாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. ஒவ்வொரு சோதனையாளருக்கும் ஒரு குறி. இரண்டு புள்ளியும் கோடும் வேறு யாருக்கும் கிடையாது. மணிமங்கலம் கோயிலில் தீபாராதனை நேரத்தில்கூட விளக்குச் சங்கிலியின் விரிசலைத்தான் பார்ப்பாள். "சாமிக்கும் ஓகே போட்டுட்டியா?" என்பான் புருஷன் வசந்தகுமார். பீஸ்கள் லாரியின் அடியில் பூட்ட லாரி கம்பெனிக்குப் போகின்றன என்று தெரியும். அங்கிருந்து எங்கே போகும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது எங்கோ ஒரு மணலில் அவள் கை கிடந்தது.

படத்தைக் கண்ணருகே இழுத்தாள். யோசித்தாள். குறியின் நிறம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூலைக்கு ஊதா. இன்றைக்கு ஜூலை ஒன்பது.

"பொய்யி. இந்த மாசம் போட்ட குறி தம்பி இது. பீஸு இன்னும் நம்ம ஸ்டோர்லயே கீது. எல்லைக்கு எப்டிப் போவும்? இங்கயே எவனோ படம் புடிச்சுக் கத கட்டறான்."

சுடலை அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். சிரித்தபடியே ஊருக்குப் போன் போட்டான். "அம்மா, அக்கா பாத்துட்டாவ. பொய்யாம்."

பன்னிரண்டு மணிக்கு அவள் குறி போடும் பேனாவில் பெயிண்ட் தீர்ந்தது. இழுப்பறையிலிருந்து வேறு டப்பா எடுத்தாள். ஊதா. மூடியில் அவள் கையெழுத்து: ஜூலை. பக்கத்தில் வருஷம். போன வருஷம்.

ஜூலைக்கு எப்போதும் ஊதாதான். போன ஜூலையிலும் ஊதா.

ஒரு வருஷத்தில் பீஸ் லாரிக்குள் போகும். லாரி ராணுவப் பச்சை அடித்துக்கொண்டு எல்லைக்குப் போகும்.

பெல்ட்டில் அடுத்த பிராக்கெட் வந்தது, படத்தில் கிடந்த அதே சாய்வில். திருப்பி வைத்தாள். அடுத்ததும் அப்படியே வந்தது. அதற்கு அடுத்ததும். யாரோ ஒவ்வொன்றாக அவள் முன்னால் கிடத்திவிட்டுப் போவது போலிருந்தது.

"அக்கா, பீஸு குவியுது!" என்று பிரசன்னா கத்தினான்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் சுடலை அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

"அம்ம ரெண்டு வாய் தின்னுட்டுத் தூங்குதாக்கா. நீங்க சொன்னியன்னுதான்."

அவள் உட்காரவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அது போன வருஷத்துக் குறியா இருக்கலாம். போன ஜூலைக்கும் ஊதாதான். நான் மறந்துட்டேன்."

"அப்போ படம் நெசமா?"

"தெரியல. நெசமும் தெரியல, பொய்யும் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொன்னேன் பாரு, அது தப்பு."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். செம்மண் லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அவள் கண் போனது. ஒரகடம் கூட்டுரோட்டில் அவன் இறங்கினான், திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் போனில் எழுப்பிச் சொல்வானா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் சுடலை முதல் ஷிஃப்டுக்கு வந்தான். டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்தபோது போனில் அன்புவின் ஏழு தவறிய அழைப்புகள் இருந்தன. திருப்பிக் கூப்பிட்டதும் எடுத்தான். டவர் இல்லாத இடத்தில் இருந்தானாம். அவன் பக்கம் எந்த லாரியும் எரியவில்லையாம். சுடலை கேன்டீனில் மிக்சர் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தான். செங்கமலத்துக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தான். சாப்பாட்டு வேளையில் பிரசன்னா ஒரு படத்தைக் காட்டினான். அதே லாரி, அதே மணல், ஊதாக் குறி. கீழே எழுதியிருந்த எல்லை வேறு. பலி முப்பத்தொன்று. அந்தப் படம் எங்கே, எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. செங்கமலம் அன்று ஆயிரத்து நூற்று எண்பத்துநான்கு பீஸ் பார்த்தாள். ஏழு பீஸைக் கழித்தாள். மற்றவற்றில் குறி போட்டாள்.