உப்புக் குவியலுக்குள் அடித்த போன்

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்பவள் நான். சென்னையில் இருக்கும் என் மகன் எந்த நேரம் கூப்பிடுவானோ என்று, போனை பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் பாத்தியில் இறங்குவேன்.

போன மாதம் ஒருநாள் மழை வரும் போலிருந்தது. அவசர அவசரமாக உப்பைக் கூடையில் வாரிக் குவியலில் கொட்டி, கீற்றுப் போட்டு மூடினோம். அப்புறம் இடுப்பைத் தொட்டால் போன் இல்லை. குவியலுக்குள் மணி அடித்தது.

கூட வேலை செய்யும் செல்வி தன் போனிலிருந்து என் நம்பருக்குப் போட்டாள்.

"ஸ்விட்ச் ஆஃப்னு வருதுக்கா."

"உள்ள அடிக்குதே, உனக்குக் கேக்கலையாடி?"

"ஒண்ணும் கேக்கலையே. காலையில அடிச்ச வெயிலு உங்களுக்கு. போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க."

"பிரிச்சு, உப்பு நனைஞ்சா யாரு பொறுப்பு?" என்று மேஸ்திரி குவியலைத் தொட விடவில்லை. தினமும் அந்த மணியைக் கேட்டபடியே உப்பு வாரினேன்.

லாரி வந்து குவியலை அள்ளியபோது அடியில் போன் கிடந்தது. பை கிழிந்து, உள்ளே உப்பு பூத்து, எப்போதோ செத்துப்போயிருந்தது. அதைக் கையில் வைத்திருக்கும்போதே, குவியல் இருந்த வெறுந்தரையிலிருந்து மறுபடி மணி கேட்டது.

வேறு போன் வாங்கினேன். ஆனால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். சாயங்காலம் கூப்பிட்டால் போதும் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். மணிச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. இப்போது காற்றின் சத்தம்தான் கேட்கிறது.

முந்தாநாள், வாரிக்கொண்டிருந்த செல்வி சட்டென்று நிமிர்ந்து புதுக் குவியலைப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள யாரு போனு அடிக்குது?"

அவள் போன் அவள் இடுப்பிலேயே இருந்தது.